வாப்பா கேட்ட மூன்று கேள்விகள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)





ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது நுவரெலியாவில் நடக்கவிருந்த சாரணியர் முகாமுக்கு நான் தெரிவானேன். வீட்டில் சொன்னதும் வாப்பா மூன்று கேள்விகள் கேட்டார். “ஆரு கூட வாற? எங்க படுக்கிற? சுகமில்லாமப் போனா ஆரு பாக்கிற?” ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. நான் போகவில்லை. அந்தக் கோபம் நெடுநாள் என் மனதில் இருந்தது.

2018 ஏப்ரலில் நடந்த ஒரு பயணத்தைப் பற்றி வாசித்தபோதுதான் அது தணிந்தது. பிரித்தானியப் பெண்மணி பெலிசிட்டி ஆஸ்டன் தலைமையில் ஐரோப்பிய, அரபுப் பெண்களின் அணியொன்று பனிச்சறுக்கில் வட துருவத்தை அடைந்தது. ஓமான், கட்டார் நாட்டுப் பெண்களும் அதில் இருந்தார்கள். நம்மைப் போலவே வெயிலில் வளர்ந்தவர்கள். வட துருவத்தில் காலுக்குக் கீழே நிலம் இல்லை, உறைந்த கடல்தான். இரவு கூடாரத்தில் தூங்கும்போதே பனி மிதந்து ஆட்களை வேறிடத்துக்குக் கொண்டுபோய்விடும்.

அதற்கு எப்படித் தயாரானார்கள்? ஐஸ்லாந்தின் பனியில் மட்டுமல்ல, ஓமானின் பாலைவன மணலிலும் பயிற்சி எடுத்தார்கள். துருவம் போகிறவர்கள் இடுப்பில் கயிறு கட்டி டயர் இழுத்துப் பழகுவது வழக்கம். சாமான் ஏற்றிய சறுக்குவண்டியை இழுக்க அதுவே பயிற்சி. அதிகம் வியர்க்காமல் நடக்கவும் பழக வேண்டும், வியர்வை உடுப்பிலேயே உறைந்துவிடும். விரல் மரத்தால் உடனே தோழியிடம் சொல்ல வேண்டும், வெட்கப்பட்டு மறைத்தால் விரலே போய்விடும்.

யோசித்துப் பாருங்கள். யார் கூட வருவது, எங்கே படுப்பது, சுகமில்லாவிட்டால் யார் பார்ப்பது என்பதற்கான விடைகள்தான் இந்த ஆயத்தம் முழுவதும். அனுசரணை தருகிறவர்களும் இதைத்தான் கேட்பார்கள். வாப்பா என்னைத் தடுக்கவில்லை. பயணத்தின் முதற் பாடத்தைத்தான் கேட்டிருக்கிறார்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 2016 மே 21ஆம் திகதி ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இலங்கையரானார். அவருடன் சென்ற ஜொஹான் பீரிஸ், உச்சிக்குச் சில நூறு மீற்றர் இருக்கும்போது ஒட்சிசன் சிக்கலால் திரும்பினார். 2018இல் மறுபடி போய் உச்சியைத் தொட்டார். திரும்பத் தெரிந்தவருக்குத்தான் மீண்டும் போக வாய்க்கும்.

தங்கைகளே, வீட்டில் “போகணும்” என்று மட்டும் சொல்லாதீர்கள். மூன்று கேள்விக்கும் பதிலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பயிற்சிக்கு நம் கடற்கரை மணல் இருக்கிறது. பழைய டயரும் கயிறும் போதும்.

சகோதரிகளே, நூற்றாண்டு நினைவாகக் கட்டடம் கட்டுவோம், நல்லது. அதோடு வருடத்துக்கு ஒரு மாணவிக் குழுவின் மலையேற்ற முகாமுக்கும் அனுசரணை கொடுப்போம். நம்மில் டொக்டர்கள், தாதியர்கள், ஆசிரியைகள் எத்தனை பேர் இருக்கிறோம்!

என் வாப்பா இன்று இல்லை. அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்வானாக. ஆனால் இந்த ஊரில் இன்னொரு வாப்பா, “ஆரு கூட வாற?” என்று கேட்கும்போது, நம் சங்கம் முன்னே வந்து, “நாங்க வாறம்” என்று சொல்லட்டும்.