மேல்வேலைக்கும் கூலி உண்டு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் மண்பாண்டக் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. குழுக் கூட்டத்தில் வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இன்றைக்கும் ஒரு கணக்கைப் பற்றித்தான் பேசப் போகிறேன். எங்கள் நோட்டில் பல வருஷமாக விட்டுப்போன ஒரு வரி அது.

நான் வாக்கப்பட்டு வந்தது மானாமதுரைப் பக்கம். மண்பாண்டம்தான் எங்க தொழில். சக்கரத்தில் உட்காருவது மாமனாரும் வீட்டுக்காரரும். கண்மாய் மண்ணில் கல் பொறுக்குவது, மிதிப்பது, பானை காய்ந்து வரும்போது காவி பூசுவது, தேய்த்துப் பளபளப்பாக்குவது, கழுத்தில் கோடு போடுவது எல்லாம் நானும் அத்தையும். ஆனால் "இது யார் செஞ்ச பானை?" என்று கேட்டால் ஆம்பளை பேரைத்தான் சொல்லுவோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி குழுவில் 10,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். டவுன் கடைகளில் பெயிண்ட் அடித்த பானைகளைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. எனாமல் பெயிண்ட், பிரஷ் எல்லாம் வாங்கி, சுட்ட தண்ணீர்ப் பானை 50-க்கு மயிலும் பூவும் வரைந்தேன். கல்லூரிச் சந்தையில் 20 போனது. மிச்சம் 30-ஐ ஒரு கடைக்காரர் மொத்தமாக எடுத்தார். கோடை முடியறதுக்குள்ள முப்பதும் திரும்பி வந்துவிட்டது. "தண்ணி குளிரவே இல்லம்மா. பெயிண்ட் வேற கொப்பளிச்சு உரியுது" என்றார்.

அத்தை ஒரு பானையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பானை மூச்சு விடுற வழிய அடைச்சுட்டியே தாயி" என்றார்கள். அப்புறம்தான் புரிந்தது. மண்பானையின் சின்னச் சின்னத் துளை வழியாகத் தண்ணீர் கசிந்து வெளியே வந்து, காற்றில் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். அதனால்தான் உள்ளே இருக்கிற தண்ணீர் சில்லென்று ஆகிறது. நான் அந்தத் துளையைப் பெயிண்டால் மூடிவிட்டேன். வெளியே வர வழி இல்லாத ஈரம் பெயிண்டையே தள்ளிக் கொப்பளிக்க வைத்தது. அந்தக் கடனைப் பால் காசில்தான் அடைத்தேன்.

அதற்கப்புறம் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். அதுவரைக்கும் சொன்னதைச் செய்தேனே தவிர, ஏன் என்று கேட்டதில்லை.

காவி மண்ணைத் தண்ணீரில் ஊறப் போட்டுக் கலக்க வேண்டும். மணல் அடியில் தங்கியதும், மேலே நிற்கிற கலங்கலை மட்டும் துணியில் வடிகட்ட வேண்டும். மாவு போல இருக்கிற அந்த மண்தான் பானைக்குப் பூச்சு. பூசுகிற நேரம்தான் முக்கியம். பானை ரொம்ப ஈரமாக இருந்தால் வடிவம் நசுங்கும். காய்ந்து வெளுத்துப் போயிருந்தால் பூச்சு ஒட்டாமல் செதிலாக உதிரும். நகத்தால் அழுத்தினால் லேசாகப் பதியணும், விரலில் மண் ஒட்டக் கூடாது. அதுதான் பக்குவம்.

பூச்சு ஈரம் சுண்டியதும் கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். ஒரே பக்கமாக, ஒரே அழுத்தமாக, இடைவெளி விடாமல் தேய்க்கணும். தேய்க்கத் தேய்க்க மேல் மண் படிந்து கண்ணாடி மாதிரி மினுங்கும். எங்க வீட்டுக் கூழாங்கல் அத்தைக்கு அவங்க மாமியார் கொடுத்தது. ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகவே ஆகிவிட்டது.

பூ வேணும், கோடு வேணும் என்றால் சுடுவதற்கு முன்னாலேயே ஈர்க்குச்சியால் கீறிவிட வேண்டும். சூளையில் காற்று நன்றாகப் போனால் காவி சிவப்பாக நிற்கும். கடைசியில் காற்றை அடைத்துப் புகையை உள்ளேயே நிறுத்தினால் பானை கறுப்பாகும். பெயிண்ட் மேலே ஒட்டியிருக்கிற தோல்தான். காவியோ பானையோடு சேர்ந்து வெந்து பானையாகவே ஆகிவிடும். அதனால் உரியாது, மூச்சையும் அடைக்காது.

போன வருஷம் குழுவாகக் கீழடி அருங்காட்சியகம் போனோம். 2023-ல் திறந்தார்களே, அதுதான். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு என்று இரண்டு நிறப் பானைகள் இருக்கின்றன. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும் அந்த வழவழப்பு போகவில்லை. ஓட்டில் கீறிய எழுத்தைக் காட்டி, "ஆதன் என்று பெயர் எழுதியிருக்கு" என்று சொன்னார்கள். அத்தை ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு என்னிடம் மெதுவாக, "தேய்ச்சவ பேரு எங்க தாயி இருக்கு?" என்று கேட்டார்கள்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கணக்கு நோட்டை எடுத்தேன். மண் வண்டிக்கு எழுதியிருந்தது, விறகுக்கு எழுதியிருந்தது, சூளை கூலி இருந்தது. காவி பூசித் தேய்த்ததற்கு ஒரு பைசா எழுதவில்லை. மறுநாள் கடிகாரம் பார்த்துத் தேய்த்தேன். ஒரு பானைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. 40 பானை ஒரு சூளை என்றால் 30 மணி நேரம். இத்தனை வருஷமாக அந்த வேலைக்குக் கணக்கே இல்லை!

அடுத்து வந்த வியாபாரியிடம் மேல்வேலைக்குத் தனியாக 40 ரூபாய் கேட்டேன். ஒருத்தர் எழுந்து போனவர்தான், திரும்பி வரவே இல்லை. பயந்துதான் போனேன். இன்னொருத்தர் பேரம் பேசி 30-க்கு ஒத்துக்கொண்டார். இன்றைக்கும் அந்த 30 ரூபாய்தான். ஆனால் அது நோட்டில் அத்தை பேரிலும் என் பேரிலும் தனி வரியாக ஏறுகிறது.

உங்களிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர்ப் பானைக்கும் சமையல் சட்டிக்கும் பெயிண்ட் அடிக்காதீர்கள். அது கதவுக்கும் சுவருக்கும் செய்தது; சோத்துக்குச் செய்தது இல்லை. இரண்டாவது, மண்பாண்டத் தொழிலாளர் நலவாரியத்தில் வீட்டு ஆம்பளை பேரோடு நிறுத்தாமல், நம்ம பேரையும் பதியச் சொல்லிக் கேட்போம். மூன்றாவது, எந்தத் தொழிலாக இருந்தாலும் கடைசி வேலைக்குக் கூலி எழுதுங்கள். தையல் குழுவில் காஜா எடுத்துப் பட்டன் தைப்பது, ஊறுகாய்க் குழுவில் வெயிலில் நின்று புரட்டுவது எல்லாம் வேலைதான். பொழுதுபோக்கு இல்லை.

அத்தைக்கு இப்போது கை நடுக்கம். தேய்க்க முடியாது. ஆனாலும் ஒவ்வொரு சூளை முடிந்ததும் நோட்டை வாங்கி, அந்த வரி இருக்கிறதா என்று என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள்.