கலந்தபின் குப்பை



சுற்றுப்புறத் தூய்மை பற்றிக் கட்டுரை எழுதாத தமிழ் மாணவர் சிங்கப்பூரில் இலர் எனலாம். மரங்களை நடவேண்டும், நெகிழியைத் தவிர்க்கவேண்டும், இயற்கையைப் பேணவேண்டும் என்று நாமும் எழுதியிருக்கிறோம். நம் மாணவர்களையும் எழுதச் செய்து மதிப்பெண் வழங்கியிருக்கிறோம். ஆயினும், அக்கட்டுரையை எழுதிய கை, பாதி குடித்த தேநீர்க் குவளையை எங்கே போடுகிறது என்று நாம் பார்த்ததில்லை. ஆகவே, இன்று பெரிய அறைகூவல் எதனையும் விடுக்காமல், அந்தக் குவளையை மட்டும் பின்தொடர்ந்து செல்வோம்.

மொழி விழாவில் கூடியிருக்கிறோம்; ஒரு சொல்லிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். பழந்தமிழில் 'குப்பை' என்னும் சொல்லுக்குக் குவியல் என்ற பொருளும் உண்டு. நெற்குவியலும் குப்பை, உப்புக் குவியலும் குப்பை. பொருளின் இழிவை அன்று, பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கும் நிலையையே அச்சொல் அங்கே சுட்டியது. நம் வீட்டுச் சமையலறையில் இன்றும் அது மெய்யாவதைக் காணலாம். படித்து முடித்த நாளிதழ் ஒரு மூலையில் இருக்கும்வரை அது காகிதம். நேற்றைய குழம்பு பாத்திரத்தில் இருக்கும்வரை அது மீதி உணவு. இரண்டையும் ஒரே பைக்குள் கொட்டிய அந்த நொடியில் இரண்டுமே குப்பை. ஒரு பொருள் பயன்பட்டு முடிந்ததால் குப்பையாவதைக் காட்டிலும், பிறவற்றோடு கலந்துவிட்டதால் குப்பையாவதே மிகுதி. கலக்குமுன் உள்ள அந்த ஒரு நிமிடம் நம் கையில் இருக்கிறது. இன்றைய உரையின் சாரம் இதுவே.

கலந்தபின் என்ன நேர்கிறது? வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் வாழும் நமக்குக் குப்பையின் பயணம் கண்ணில் படுவதில்லை. பையைக் கட்டிக் குழாய்வழியே போட்டுவிட்டால், 'போய்விட்டது' என்கிறோம். அது போய்ச் சேரும் இடம் எரிப்பு ஆலை. அங்கே எரிக்கப்படும் குப்பை, தன் கனஅளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அவ்வெப்பத்திலிருந்து மின்சாரமும் பெறப்படுகிறது. எஞ்சிய சாம்பல் துவாஸிலிருந்து படகேறிச் செமாக்காவ் தீவை அடைகிறது. 1999ஆம் ஆண்டு, லோரோங் ஹாலுஸ் குப்பைநிலம் மூடப்பட்டபோது, ஏறத்தாழ 350 ஹெக்டர் பரப்பில், கடலைத் தடுப்பணையால் வளைத்து அமைத்த நிரப்புநிலம் அது. நம் நாட்டில் இப்போதுள்ள ஒரே நிரப்புநிலமும் அதுவே. 2045 வரை தாங்கும் என்று முதலில் கணித்தார்கள். இன்று, 2035 வாக்கில் அது நிறைந்துவிடும் என்கிறார்கள். இப்பொழுது உயர்நிலை ஒன்றில் பயிலும் மாணவர் வேலைக்குச் செல்லத் தொடங்கும் காலம் அது. கடலில் இன்னொரு நிலத்தை வளைப்பதற்கு இத்தீவைச் சுற்றி எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை நிலப்படத்தைப் பார்த்தே அறியலாம்.

இனி நம் குவளைக்கு வருவோம். ஒவ்வோர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழும் நீலநிற மறுசுழற்சித் தொட்டி உண்டு. காகிதம், நெகிழி, கண்ணாடி, உலோகம் ஆகிய அனைத்தையும் அதிலேயே போடலாம். பின்னர் அவை தரம் பிரிக்கப்படும். ஆனால், அத்தொட்டிகளில் சேர்வனவற்றுள் ஏறத்தாழ 40 விழுக்காடு உணவாலோ பானத்தாலோ மாசுபட்டவை, அல்லது மறுசுழற்சிக்கே உரியவை அல்லாதவை. பாதித் தேநீருடன் ஒரு குவளை அதற்குள் விழுந்தால், மூன்றாம் மாடியில் ஒரு மூதாட்டி வாரம் முழுதும் மடித்துச் சேர்த்த நாளிதழ்களும் நனைந்து பாழாகின்றன. பாழான காகிதம் மீண்டும் எரிப்பு ஆலைக்கே செல்கிறது.

'ஒருவர் ஒரு குவளையைக் கழுவுவதால் உலகம் மாறிவிடுமா?' என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நேர்மையான கேள்வி. தொழிற்சாலைகளும் அரசுகளும் செய்யவேண்டியவற்றை ஒரு குவளையால் ஈடுசெய்ய முடியாது. ஆனால், ஒருவர் கழுவாமல் போட்ட குவளை, பத்து வீட்டார் செய்த நற்செயலை ஒரே நொடியில் அழித்துவிடும். ஆகவே, சிறு செயலைத் தொலைவிலுள்ள பூவுலகோடு மட்டும் ஒப்பிட்டுச் சலிப்படைய வேண்டியதில்லை. பக்கத்து வீட்டாரின் உழைப்புக்கு நாம் தரும் மதிப்பாகவே அதனைக் கருதலாம்.

நாளைக் காலை முதல் நாம் செய்யத்தக்கவை மூன்று.

முதலாவது, நீலத் தொட்டியில் போடுமுன் குவளையையும் போத்தலையும் காலி செய்து, ஒருமுறை அலசுவது. புதிய நீர் வேண்டா. பாத்திரம் கழுவியபின் எஞ்சும் நீரே போதும். மெல்லிழைத்தாளும் நுரைநெகிழிப் பெட்டியும் அத்தொட்டிக்கு உரியவை அல்ல என்பதையும் நினைவில் கொள்வோம்.

இரண்டாவது, பொருள் வீட்டுக்குள் நுழையுமுன்னரே தடுப்பது. உணவங்காடி நிலையத்தில் பொட்டலம் வாங்கும்போது நம் பாத்திரத்தை நீட்டலாம். 2023ஆம் ஆண்டு ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகள் பைக்கு ஐந்து காசேனும் வசூலிக்கின்றன. அந்த ஐந்து காசுக்காக மடித்த பையைக் கையோடு கொண்டுசெல்லக் கற்றுக்கொண்ட நாம், கட்டணம் இல்லாத இடத்திலும் அப்பழக்கத்தைத் தொடர்வது அரிதன்று.

மூன்றாவது, உணவை அளந்து பெறுவது. தமிழில் 'மிச்சம்' என்ற சொல் உண்டபின் எஞ்சியதையும் குறிக்கும், சேமித்ததையும் குறிக்கும். 'சோறு பாதி போதும்' என்று வாங்கும்போதே சொன்னால் அது சேமிப்பு. தட்டில் விட்டுச் சென்றால் அது எச்சில்.

இங்கே நம் சமூக நிகழ்ச்சிகளையும் எண்ணிப் பார்க்கவேண்டும். வாழையிலையில் உண்ட மரபினர் நாம் என்று பெருமை கொள்கிறோம். வாழையிலை மண்ணில் மக்கும் என்பது உண்மை. ஆனால், விருந்து முடிந்ததும் இலையையும் நெகிழிக் குவளையையும் ஒரே கறுப்புப் பையில் அள்ளிக் கட்டினால், இலையும் நெகிழியும் ஒரே உலைக்குத்தான் போகின்றன. மரபு இலையில் மட்டும் இல்லை. உண்டு முடித்தபின் நாம் செய்வதிலும் இருக்கிறது. இலக்கிய விழாக்களில் ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு சிறு நீர்ப்போத்தலை வைக்கும் வழக்கத்தையும் நாம் மறுபரிசீலனை செய்யலாம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை சுற்றுப்புறக் கட்டுரை எழுதப் பணிக்குமுன், ஒரு வாரக் குறிப்பேடு ஒன்றைக் கேளுங்கள். வீட்டில் என்ன எறிந்தோம், எவற்றைக் கலந்து எறிந்தோம், எதனைப் பிரித்திருக்கலாம் என்று மாணவர்கள் நாள்தோறும் ஐந்து வரி எழுதட்டும். மீன் செதில், பால்பெட்டி, கிழிந்த காலுறை, காய்ந்த கறிவேப்பிலை என்று சொற்கள் தாமே வரும். மனப்பாடத் தொடர்கள் அகன்று, கண்ட பொருளைச் சொல்லும் தமிழ் பிறக்கும். மொழிப்பயிற்சியும் வாழ்க்கைப் பயிற்சியும் அங்கே ஒன்றாகும்.

இம்மண்டபத்தை விட்டு வெளியேறும்போது, வாயிலருகே தொட்டிகள் இருக்கும். நம் கையிலுள்ள போத்தலில் இன்னும் நீர் இருந்தால் அதனைக் குடித்துவிடுவோம். அல்லது ஒரு செடிக்கு ஊற்றுவோம். அதன்பின் போடுவோம்.