முந்திரி உழவர்களும் கூட்டு முயற்சியும்

(விருத்தாசலத்தில் முந்திரி உழவர்களிடையே ஆற்றிய உரை)



விருத்தாசலம் என்றதும் வெளியூரார் பீங்கானை நினைப்பர். நமக்கோ செம்மண் நிலமும், அதில் விளையும் முந்திரியும் மல்லாட்டையுமே வாழ்வு. விளைச்சலைப் பெருக்க நல்ல இரகங்கள் வந்துவிட்டன. ஆனால் விற்கும் இடத்தில்தான் நாம் தனித்து நிற்கிறோம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். சாதாரண மரத்துக் கொட்டை 100 கிலோ உடைத்தால் சுமார் 25 கிலோ பருப்பு கிடைக்கும். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் 1991-இல் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 இரகத்தில் 29 கிலோ வரை கிடைக்கும். இரண்டையும் ஒரே சாக்கில் கொட்டி ஒரே விலைக்கு விற்றால், கூடுதலான 4 கிலோ பருப்பின் விலை நமக்கு வராது. ஏழெட்டு மூட்டை கொண்டுவரும் ஒருவர் தரத்திற்கு விலை கேட்க இயலாது. 300 பேர் சேர்ந்து தரம் பிரித்துக் கொடுத்தால் கேட்கலாம்.

மூவர் கூட்டு

உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தைப் பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தே பதிவு செய்யலாம். பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான். 2020-இல் மைய அரசு தொடங்கிய திட்டத்தில், சமவெளிப் பகுதியில் குறைந்தது 300 உறுப்பினர் கொண்ட நிறுவனத்திற்கு மூன்றாண்டில் 18 இலட்சம் ரூபாய் வரை நிர்வாகச் செலவுக்கும், உறுப்பினர் செலுத்தும் பங்குத் தொகைக்கு ஈடாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரையும் உதவி வகுக்கப்பட்டது.

தொண்டு நிறுவனம் உறுப்பினர்களைச் சேர்க்கவும், கணக்கு எழுதப் பழக்கவும் துணை நிற்கும். பருப்பு ஆலை பொருளை வாங்கும். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி, ஆண்டு நிகர இலாபம் 5 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமுதாயப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். ஊரக வளர்ச்சியும் அப்பணிகளுள் அடங்கும். உலர்களம், எடை மேடை போன்றவற்றிற்கு இவ்வழியில் உதவி கேட்கலாம்.

எழுத்தில் இருக்க வேண்டியவை

1. தரம்: ஈரப்பதம், ஒரு கிலோவில் உள்ள கொட்டைகளின் எண்ணிக்கை, பருப்பு விழுக்காடு. மாதிரியை இரு தரப்பார் முன்னிலையில் உடைத்துப் பார்க்க வேண்டும்.

2. விலை: ஒழுங்குமுறை விற்பனைக்கூட விலையை ஒப்பிட்டு, ஒப்பந்த நாளிலேயே முடிவு செய்ய வேண்டும். ஒப்பந்தப் பண்ணையத்திற்கெனத் தமிழ்நாட்டில் 2019-இல் இயற்றிய சட்டம் இதற்குத் துணையாகும்.

3. எடையும் பணமும்: எடைச்சீட்டு யார் தருவது, எத்தனை நாளில் பணம் வரும் என்பவை.

4. பொறுப்பு: கணக்குப் புத்தகம், வங்கிக் கையெழுத்து, கிடங்குச் சாவி மூன்றும் உழவர் நிறுவனத்திடமே இருக்க வேண்டும்.

நான்காவதே முதன்மையானது. தொண்டு நிறுவனத்தின் துணை சில ஆண்டுகளே. அவர்கள் போன மறுநாள் கணக்கு எழுத நம்மவர் ஒருவர் இல்லையென்றால், நிறுவனம் பெயர்ப்பலகையோடு நின்றுவிடும். ஆகவே முதலாண்டிலேயே ஊரில் படித்த இளைஞர் அல்லது மகளிர் இருவரைக் கணக்கிற்குப் பழக்குங்கள்.

பங்குனியில் அறுவடை தொடங்குமுன் பேச்சை முடித்துவிட வேண்டும். கொட்டை களத்திற்கு வந்தபின் பேரம் பேசினால் அவசரம் நம்முடையதாகிவிடும். இவ்வாண்டே இருபது பேராகக் கூடி முதல் அடியை எடுத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.