காற்கூறும் முக்காற்கூறும்

(வடசேரியில் மாணவர்கட்கு ஆற்றப்பெற்ற உரை)



தேர்வுக் காலம் வந்துவிட்டால் வடசேரித் தெருக்களில் விடியலுக்கு முன்பே குரல்கள் எழத் தொடங்கிவிடும். கனகமூலம் சந்தைக்குக் காய்கறி மூட்டைகள் வந்திறங்கும் அவ்விருட்பொழுதிலேயே, வீட்டுக்கு வீடு ஒரு மாணவனோ மாணவியோ பாடநூலை மடியில் வைத்துக்கொண்டு ஒரே பத்தியை இருபது முறை, முப்பது முறை வாய்விட்டு உருப்போடுவதைக் கேட்கலாம். தாய் எழுந்து காய்ச்சிக் கொடுக்கும் கருப்பட்டிக் குளம்பி ஆறிப்போய்க் கிடக்கும். அம்மாணவன் சோம்பேறி அல்லன். உறக்கத்தைத் துறந்து உழைக்கின்றான். ஆயினும், தேர்வுக் கூடத்தில் வினாத்தாளைக் கண்டவுடன் அவன் உருப்போட்டதனைத்தும் கலைந்து போகின்றது. முதல் சொல் நினைவுக்கு வராமையால் அதன் பின்னுள்ள பத்துச் சொற்றொடர்களும் வருவதில்லை. வீடு திரும்பியவன் சொல்லும் சொல், "எனக்குப் படிப்பு வராது" என்பது.

இச்சொல்லை நம்பிக் கல்வியை விட்டோர் எத்துணைப் பேர்! கடைக்கும் பட்டறைக்கும் அனுப்பப்பெற்ற அப்பிள்ளைகளுள் பெரும்பாலோர் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப் படியேறியவர்கள். அவர்கட்கு அறிவு குறைவில்லை. பாடம் நடத்தினார் பலர். படிக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்தாம் இலர். குறை அங்கே இருக்கப் பழி பிள்ளையின் தலையில் விழுகின்றது.

படிக்கும் முறை என்றொரு கலை மேலை நாட்டார் அண்மையில் கண்டு சொன்னது என்று எண்ணுவோர் பலர். பதின்மூன்றாம் நூற்றாண்டினர் எனக் கருதப்பெறும் பவணந்தியார், தம் நன்னூலில் எழுத்தையும் சொல்லையும் தொடுவதற்கு முன்பே, நூல் எது, ஆசிரியன் யார், மாணாக்கன் யார், பாடங் கேட்பது எங்ஙனம் என்பவற்றை வகுத்துக் கூறிவிட்டார். பள்ளிகளில் இப்பகுதியை இரண்டு மதிப்பெண் வினாவுக்காக மட்டும் படித்துவிட்டுக் கடந்துபோவது வழக்கம். அவ்வாறு கடக்கத்தக்க பகுதியா அது?

மாணாக்கரை அவர் அன்னம் முதலாக நெய்யரி ஈறாக எட்டுப் பொருள்களோடு ஒப்பிடுகின்றார். தலையாய மாணாக்கனுக்கு அவர் காட்டும் உவமைகளுள் ஒன்று ஆ. மிகுந்த புல்லைக் கண்ட ஆ, வயிறு நிரம்ப மேய்கின்றது. பின்பு ஓரிடத்தே அமைதியாகக் கிடந்து, மேய்ந்ததை வாய்க்குக் கொணர்ந்து அசைபோடுகின்றது. மேய்தல் ஒரு தொழில், அசைபோடுதல் மற்றொரு தொழில். கிளியோ சொல்லிக் கொடுத்ததை மட்டும் பிழையின்றித் திருப்பிச் சொல்வது. அதற்குப் பவணந்தியார் அளித்த இடம் இடைநிலையே. அவ்வளவு தொண்டை நோக உருப்போடும் மாணவன் முழு வெற்றி பெற்றாலும் எட்டக்கூடிய இடம் அதுதான்! ஆடு எதனையும் நிறைவாக மேயாமல், ஒரு செடியில் ஒரு தழை, மறு செடியில் ஒரு தழை எனத் தாவித் திரிவது. அதனைக் கடையாகத் தள்ளினார். கைப்பேசியை அருகில் வைத்துக்கொண்டு படிப்பவர் இவ்வுவமையை ஒருமுறை எண்ணிப் பார்க்க.

இதனினும் வியப்புக்குரியது அவர் கூறும் கணக்கு. ஆசிரியர் உரைத்ததை முழுக் கருத்தோடு கேட்டுக்கொண்ட மாணவனுக்கும் அப்புலமையில் காற்கூறுதான் கிட்டும் என்கின்றார். மற்றொரு காற்கூறு உடன் பயில்வாரோடு சேர்ந்து பயிலும்போது வருவது. எஞ்சிய அரைக்கூறு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே வந்து நிறைவது. அஃதாவது, நூலைப் பிடித்துக்கொண்டு தனியே குந்தியிருக்கும் மாணவன், கற்றலின் முக்காற்கூறு நடைபெறும் களத்திற்குள் இன்னும் காலடி வைக்கவே இல்லை.

இக்கணக்கு வெறும் புலவர் கூற்றோ என்று ஐயுறுவார்க்குப் பிற்கால ஆய்வுகள் விடை கூறுகின்றன. செருமானிய உளநூலறிஞர் எபிங்காசு என்பார், பொருளற்ற அசைகளைத் தாமே உருப்போட்டுத் தாமே தம்மை ஆய்ந்து, 1885-இல் வெளியிட்ட நூலில், மறதியின் பெரும்பங்கு கற்ற முதல் நாளிலேயே நிகழ்ந்துவிடுகின்றது எனக் காட்டினார். பொருள் விளங்காத பத்தியை உருப்போடும் மாணவன் அவ்வசைகளைத்தானே உருப்போடுகின்றான்! 2006-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் உரோடிகர், கார்ப்பிக்கு என்னும் இருவர் மாணவர் சிலர்க்கு ஓர் உரைநடைப் பகுதியை இருமுறை படிக்கக் கொடுத்தனர். வேறு சிலர்க்கோ ஒருமுறை படித்தபின் நூலை மூடிவிட்டு நினைவில் நின்றதை எழுதச் செய்தனர். ஐந்து மணித்துளி கழித்து வினவியபோது இருமுறை படித்தவரே முந்தினர். ஒரு கிழமை கழித்து வினவியபோதோ, இருமுறை படித்தவர்க்கு நூற்றுக்கு 42 பங்கே நினைவில் நின்றது. மூடிவிட்டு எழுதிப் பார்த்தவர்க்கு 56 பங்கு நின்றது. படித்த உடனே எல்லாம் தெரிந்துவிட்டது போலத் தோன்றுவதுதான் மாணவனை ஏமாற்றுகின்றது. கண்ணுக்குப் பழகிய பத்தியை அறிவுக்குப் பழகியதாக அவன் எண்ணிக்கொள்கின்றான். வண்ண வண்ணக் கோல்களால் வரிதோறும் கோடிடுவதும் அத்தகையதே. பக்கம் முழுதும் மஞ்சளாயின், எது முகன்மையானது என்று எப்படித் தெரியும்?

நூல் பல படித்தமை வேறு, படிக்கக் கற்றமை வேறு என்பதற்கு உ. வே. சாமிநாதர் வாழ்க்கையே நல்ல சான்று. 1880-இல் குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியேற்ற ஆண்டிலேயே, அவ்வூர்க்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கின்றீர் என்று முதலியார் வினவ, இருபத்தைந்து அகவையினரான அவர் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் வரிசையாக அடுக்கினார். முதலியார் சிறிதும் வியக்கவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை! பின்பு கைக்கு வந்த அந்நூலைத் திறந்தபோது, அத்துணை நூல் கற்றவர்க்கும் அது எளிதில் பிடிபடவில்லை.

அவர் அதனை நெட்டுருப் போட முனையவில்லை. தமக்கு விளங்காதவற்றைக் குறித்துக்கொண்டு, குடந்தையில் வாழ்ந்த சமணர் இல்லங்கட்குச் சென்று வினவினார். அவர்களோ அந்நூலை வழிவழியாக ஓதி வந்தவர்கள். நச்சினார்க்கினியர் தம் உரையிடையே பெயர் சுட்டாமல் எடுத்தாளும் மேற்கோள்கள் எந்நூலைச் சேர்ந்தவை என்று பிற சுவடிகளில் தேடித் தேடிக் குறித்துவைத்தார். வினாவுதல், உடன் பயில்வாரோடு பயிலுதல், ஒன்றை மற்றொன்றோடு ஒட்டிப் பார்த்தல் - ஏழாண்டு இவ்வாறே கழிந்தது. 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. நன்னூலார் ஏட்டில் எழுதிய கணக்கை அவர் வாழ்ந்து காட்டினார் எனலாம்.

இந்நாஞ்சில் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. வடசேரிக்கு அடுத்த புத்தேரியில் வாழ்ந்து 1954-இல் மறைந்த கவிமணி தேசிகவிநாயகனார், 1876 சூலை 27-ஆம் நாள் தேரூரில் பிறந்தவர். இப்பகுதி அன்று திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தமையால், பள்ளியில் அவருக்குக் கிட்டியது மலையாளம். வீட்டில் பேசும் மொழி ஒன்று, பலகையில் எழுதும் மொழி வேறொன்று. தமிழை அவர் தேரூரை அடுத்த வாணன்திட்டில் இருந்த திருவாவடுதுறை மடத்துச் சாந்தலிங்கத் தம்பிரானிடம் போய்க் கற்றார். பள்ளிப் பாடமாக அன்றித் தாமே தேடிப் போய்க் கேட்டுக் கற்றமையாலன்றோ, பின்னாளில் கல்வெட்டுகளையும் ஆராயும் திறன் அவர்க்கு வாய்த்தது! அவர் பிறப்பதற்குப் பன்னிரண்டே நாள் முன்பு, அதே சூலை 15-இல் நாகப்பட்டினத்தில் பிறந்த மறைமலையடிகளின் நிலையும் ஏறத்தாழ அதுவே. தந்தையை இழந்து இளமையிலேயே பள்ளிப் படிப்பு நின்றது. அவர் தமிழ் கற்றது நூல் விற்பனை செய்துவந்த நாராயணசாமிப் பிள்ளை என்னும் புலவரிடத்தில். பின்பு முல்லைப்பாட்டுக்கு ஆராய்ச்சியுரை கண்டபோது, பாட்டின் அடிகளை முன்னும் பின்னுமாக மாற்றிக் கூட்டிப் பொருள் கொண்ட பழைய உரையை அப்படியே ஏற்காமல், சொற்கள் கிடந்த முறையிலேயே பொருள் செல்லுமா என்று ஆராய்ந்தார். உரையாசிரியரை மதித்தல் வேறு. அவரோடு வாதிட்டுப் படித்தல் வேறு. இரண்டும் ஒருவரிடத்தே இருக்கக்கூடும்.

இனி, இன்றிரவு ஒரு பாடத்தை எடுத்து அமரும் மாணவன் செய்யத்தக்கது யாது? வடசேரியில் கோவில் நகை செய்யும் கைவினைஞர் வெள்ளியில் சட்டம் அமைத்த பின்னரே சிவப்புக் கல்லைப் பதிக்கின்றனர்; சட்டமின்றிக் கல் எங்கே நிற்கும்? பாடத்தின் சட்டம் அதன் தலைப்பும் உட்தலைப்புகளும் முடிவில் உள்ள வினாக்களும் ஆகும். முதலில் அவற்றை மட்டும் படிக்க வேண்டும். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டையும் நூலுள் புகுமுன் அறிவிப்பதுதானே சிறப்புப் பாயிரத்தின் தொழில்! 1946-இல் அமெரிக்க உளநூலாசிரியர் இராபின்சன், முதலில் மேலோட்டமாக நோக்குக, பின் வினா எழுப்புக, பின் படிக்க, பின் சொல்லிப் பார்க்க, பின் மீள நோக்குக என ஐந்து படிகளை வகுத்தார். பாயிரம் கற்றவர்க்கு அவற்றுள் முதற்படி புதிதன்று.

உட்தலைப்பு ஒவ்வொன்றையும் வினாவாக மாற்றிக்கொண்டு, அவ்வினாவுக்கு விடை தேடுபவனாக அப்பகுதியை மட்டும் படிக்க வேண்டும். படித்து முடித்தவுடன் நூலை மூடிவிட வேண்டும். இதுதான் கடினமான இடம். கை மூட மறுக்கும். மூடியபின், விடையைத் தன் சொந்தச் சொற்களில் ஒரு தாளில் எழுதவோ சொல்லவோ வேண்டும். தடுமாறிய இடத்தில் ஒரு புள்ளி இட்டுக்கொள்க. மீண்டும் திறந்து படிக்க வேண்டியது அப்புள்ளி இட்ட இடங்களையே. முழுப் பாடத்தையும் அன்று. மறுநாள் ஒருமுறை, நான்கு நாள் கழித்து ஒருமுறை, பத்து நாள் கழித்து ஒருமுறை அத்தாளைப் பாராமல் சொல்லிப் பார்த்தால், தேர்வு முன்னாள் இரவு உறங்கலாம்.

நெட்டுருவே வேண்டா என்பதன்று இதன் பொருள். ஓலைச்சுவடி ஊருக்கு ஒன்று கிடைத்த காலத்தில் நெஞ்சமே நூலகமாக இருந்தது. திண்ணைப் பள்ளிப் பிள்ளை உருப்போட்டதற்கு அதுவே கரணியம். குறளையும் சங்கப் பாட்டையும் வாயாரச் சொல்லி நெஞ்சில் நிறுத்துவது இன்றும் இன்பமே. நன்னூலாரும் பாடத்தைப் போற்றுக என்றுதான் சொல்கின்றார். ஆனால் அதனை அடுத்தே கேட்டவற்றை எண்ணிப் பார்க்கவும், வினாவவும், பிறர் வினாவியதற்கு விடை கூறவும் பணிக்கின்றார். முதல் ஒன்றை வைத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டது பிற்காலத்தார் பிழை.

மொழியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டியுள்ளது. ஒளிச்சேர்க்கை என்னும் சொல்லைக் கேட்ட பிள்ளை, ஒளியால் ஏதோ சேர்கின்றது என்ற அளவிலேனும் பாடத்தின் வாயிலை அடைந்துவிடுகின்றது. மின்தடை என்றால் மின்னோட்டத்தைத் தடுப்பது என்று சொல்லே கற்பித்துவிடுகின்றது. இவற்றின் ஆங்கிலப் பெயர்களை எழுத்தெழுத்தாக உருப்போடும் பிள்ளைக்கு அவ்வாயில் அடைபட்டுக் கிடக்கின்றது. அதனினும் பெரிய இழப்பு, அவன் படித்ததைத் தோழனிடம் எடுத்துரைக்க முடியாமற் போவது. படித்த மொழியில் பேசத் தெரியாது. பேசும் மொழியில் பாடத்தை எண்ணியதில்லை. பவணந்தியார் சொன்ன அரைக்கூறு அங்கே அப்படியே அழிகின்றது. ஆங்கில நூல்களைப் படிக்கலாகாது என்று இங்கே எவரும் சொல்லவில்லை. மறைமலையடிகள் ஆங்கில நூல்களை ஆழக் கற்றவர். அவர் தொகுத்துவைத்த ஏறத்தாழ 4,000 நூல்களைக் கொண்டே 1958-இல் சென்னையில் அவர் பெயரால் நூலகம் தொடங்கப்பெற்றது. ஆங்கில வழியில் பயிலும் பிள்ளையும் ஒவ்வொரு பாடத்தையும் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். சொல்ல வரவில்லையெனின் அப்பாடம் இன்னும் விளங்கவில்லை என்று அறிந்துகொள்ளட்டும்.

இதற்குப் பணச்செலவு ஏதுமில்லை. ஒரே தெருவில் இருக்கும் நால்வர் ஐவர் காரிக்கிழமை மாலையில் ஒரு திண்ணையில் கூடினால் போதும். ஒருவர் ஒரு பாடத்தை நூலைப் பாராமல் எடுத்துரைக்க, மற்றவர் இடைமறித்து வினவ வேண்டும். எடுத்துரைப்பவர் வகுப்பில் முதல்வராக இருக்கத் தேவையில்லை. "எனக்குப் படிப்பு வராது" என்று சொன்ன அந்தப் பிள்ளையையே முதலில் எடுத்துரைக்கச் சொல்லலாம். அருகில் அமர்ந்திருக்கும் பாட்டியோ தம்பியோ "அது என்ன?" என்று கேட்டால் சினவாமல் விடை கூறுக. பாட்டிக்கு விளங்கும்படி ஈர்ப்பு விசையைச் சொல்ல முடிந்த பிள்ளை, தேர்வுத் தாளில் முதல் சொல்லைத் தேடித் தவிக்க மாட்டாது.