தங்கவயலும் வாக்குரிமையும்

1930-ம் ஆண்டில் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்கள் 21 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வேலை செய்வோர் யாவரும் தம் விரல் ரேகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று கம்பெனியார் புகுத்திய விதியே அதற்கு முக்கிய காரணம். அவ்வாறு விரலைத் தர மறுத்த மக்கள், சுதந்திர இந்தியாவின் முதற் பொதுத் தேர்தலில் வாக்குச் சாவடிக்குச் சென்று அதே விரலை நீட்டினர். முன்னது கம்பெனி கேட்ட ரேகை. பின்னது குடிமகனுக்கு இடப்பட்ட மை. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை நன்குணர்ந்தவர்கள் தங்கவயல் மக்கள். வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம் அவர்களுடைய தேர்தல் வரலாற்றிலிருந்து அறிய வேண்டியது ஒன்று உண்டு.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்குச் சுரங்கத் தொழிலைத் தொடங்கியபின், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து கூலிவேலைக்கு வந்தவர்களே இம்மக்களின் முன்னோர். அவர்களுள் பெரும்பாலோர் ஊர்ப்புறத்தில் தீண்டாமைக் கொடுமையை அனுபவித்தவர்கள். சாம்பியன் ரீப்ஸில் 10,000 அடிக்கும் மேற்பட்ட ஆழத்தில் உழைத்துவிட்டு, மேலே வந்து வரிசை வரிசையான 'லைன்' வீடுகளில் வாழ்ந்தனர். அங்கே படிப்பும் இருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் நடத்திய 'தமிழன்' இதழை, 1926 முதல் பண்டிதர் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளியிட்டார். பௌத்த சங்கமும் தொழிற்சங்கமும் சுயமரியாதைப் பிரசாரமும் பக்கத்துப் பக்கத்து லைன்களிலேயே வளர்ந்தன.

ஆகவே அவர்கள் அளித்த வாக்கில் இரண்டு குரல்கள் கேட்டன. ஒன்று, உழைப்புக்கு நியாயம் கேட்கும் குரல். மற்றொன்று, மனிதனாக மதிக்கப்பட வேண்டும் என்னும் குரல். 1957-ல் இரு உறுப்பினர் தொகுதியாக இருந்த தங்கவயல், கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த எம். சி. நரசிம்மனையும், அம்பேத்கர் வழிவந்த சி. எம். ஆறுமுகத்தையும் ஒருங்கே மைசூர்ச் சட்டசபைக்கு அனுப்பியது. பிற்காலத்தில் தமிழ்நாட்டுக் காற்றும் வீசியது. 1983-ல் அண்ணா தி.மு.க. அபேட்சகர் மு. பக்தவத்சலம் வென்றார். 1985-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் டி. எஸ். மணி, 1989-ல் மறுபடியும் பக்தவத்சலம், 1994-ல் குடியரசுக் கட்சியின் எஸ். இராஜேந்திரன், 1999-ல் பக்தவத்சலம், 2004-ல் இராஜேந்திரன்.

இந்த ஆறு தேர்தல்களையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு உண்மைகள் புலப்படும். எந்தக் கட்சியும் அடுத்தடுத்து இருமுறை வெல்லவில்லை. தமிழர் ஒரே கட்சிக்குக் கண்மூடி வாக்களிப்பவர் என்னும் பேச்சுக்கு இதுவே மறுமொழி. ஆயினும் மாநிலத்தை ஆளும் வாய்ப்புடைய கட்சி ஒன்றையும் அவர்கள் அக்காலத்தில் தேர்ந்தெடுக்கவில்லை. தம் குரலாகப் பேசும் பிரதிநிதியைப் பெற்றனர். அதிகாரத்தில் பங்கு பெறவில்லை. இஃது அவர்களுக்கு நன்மையா தீமையா என்று தங்கவயல் திண்ணைகளில் இன்றும் வாதம் நடக்கலாம். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு.

2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. தொழில் போனதும், ஆட்களை ஒன்றுதிரட்டிய சங்கத்தின் வலிமையும் குன்றியது. ஆயிரக்கணக்கானோர் மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லலாயினர். பலர் குடும்பத்தோடு வெளியேறினர். 2008-ல் தொகுதி எல்லையும் மாறியது. பேத்தமங்கலம் பக்கத்துக் கிராமங்கள் சேர்ந்தன. 2008, 2013 தேர்தல்களில் பாரதிய ஜனதாவும், 2018, 2023 தேர்தல்களில் காங்கிரஸும் வென்றன. பழைய சிறு கட்சிகளின் காலம் முடிந்தது. மக்களின் மனம் மாறியது மட்டுமன்று, மக்களே சிதறியதும் இதற்கு ஒரு காரணம்.

நேயர்களே, இங்குதான் அவர்கள் கதை நம் கதையாகிறது. ஊரைவிட்டு வந்தவன் ஊரிலும் வாக்களிப்பதில்லை. பிழைக்க வந்த இடத்திலும் பெயரைப் பதிவு செய்வதில்லை. பட்டியலில் அவன் பெயர் பழைய வீட்டு எண்ணில் உறங்குகிறது. 2023 தேர்தலில் கர்நாடகம் முழுவதிலும் நூற்றுக்கு ஏறக்குறைய 73 பேர் வாக்களித்தனர். பெங்களூர் நகரிலோ சுமார் 55 பேரே. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் வாடகை வீடு மாறியும் பெயரை மாற்றாத அசட்டையும் ஒன்று.

சட்டம் நமக்குத் தடையாக இல்லை. சாதாரணமாக எங்கு வசிக்கிறோமோ அங்கே வாக்காளராகலாம்; தாய்மொழி எது என்று எவரும் கேட்பதில்லை. முதன்முறை பதிவுக்கு 6-ம் எண் படிவம்; குடிபெயர்ந்தோர்க்கு 8-ம் எண் படிவம். இரண்டு இடங்களில் பெயர் இருத்தல் சட்டப்படி கூடாது. தேர்தல் நாளில் கூலி பிடிக்காமல் விடுமுறை தர வேண்டும் என்பதும் சட்டமே.

குடிநீரும் பள்ளியும் குடியிருப்பும் கேட்கும்போது, அதிகாரியின் கண் முதலில் செல்வது வாக்காளர் பட்டியலின் பக்கம். அதில் இல்லாதவன் குரல் எவ்வளவு உரத்ததாயினும் காற்றோடு போகும். சுரங்க லைன்களில் வாழ்ந்த கூலித் தொழிலாளர்கள் சட்டசபையில் இடம் பிடித்தது, அவர்கள் பெயர் பட்டியலில் இருந்ததாலும், அந்நாளில் சாவடிக்கு நடந்ததாலுமே. எக்கட்சிக்கு வாக்களிப்பது என்பது அவரவர் மனச்சாட்சியைப் பொறுத்தது. நம் பெயர் எந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறது என்பதை இந்த வாரமே பார்த்துவிடுவது நம் ஒவ்வொருவர் கடமை.