வீடு வாங்குவோருக்கு வழக்கறிஞர் வேண்டுவது ஏன்?

(தாம்பரத்தில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



வெண்பாவுக்கும் ஆசிரியப்பாவுக்கும் இலக்கணஞ் சொல்லிப் பிழைக்கும் யான், வீட்டுக் கிரயத்தைப் பற்றிப் பேச முன்வந்தது உங்களிற் சிலருக்கு வியப்பாகலாம். என் பேதைமையால் நேரவிருந்த ஒரு கேட்டினை உங்கள் முன்னிலையில் ஒப்புக்கொள்ளவே வந்துள்ளேன்.

2023-ஆம் ஆண்டில் என் சிறிய தந்தையாரின் குமாரர் சேலையூரில் ஒரு வீடு வாங்க முற்பட்டார். விலை 60 லட்ச ரூபாய். அதிற் பெரும்பகுதி பாங்குக் கடன். தரகர் 30 வருஷத்து வில்லங்கச் சான்றை விரித்துக் காட்டி, "ஒரு வில்லங்கமும் இல்லை, பட்டாவும் விற்பவர் பெயரிலேயே இருக்கிறது" என்றார். தம்பி ஒரு வெற்றுச் சீட்டின்மேல் 5 லட்சம் முன்பணமும் கொடுத்துவிட்டார். காகிதக் கட்டின் அடியில் 1958-ஆம் வருஷத்துத் தானசெட்டில்மெண்டுப் பத்திரத்தின் நகலொன்று பழுப்பேறிக் கிடந்தது. "அண்ணா, பண்டிதராகிய நீங்கள் இதை வாசித்துச் சொன்னாற் போதும், வக்கீலுக்கு வேறு ஏன் தண்டம் அழ வேண்டும்?" என்றார். எனக்கும் உச்சி குளிர்ந்தது.

வாசித்தேன். ஒருவர் தம் இளவலுக்கு மனையை அன்பினால் எழுதிக் கொடுத்த பத்திரம் அது. "தம் ஆயுள் பரியந்தம் ஆண்டனுபவித்து, அவருக்குப் பின் அவருடைய புத்திரர்கள் சர்வ சுதந்திரமாய் அடைய வேண்டியது" என்று அதில் ஒரு வாசகம் இருந்தது. எவ்வளவு நயமான நடையென்று மெச்சி, ஒரு குறையுமில்லையெனச் சொல்லிக் கட்டை முடிந்து கொடுத்தேன். என் மனைவியார் மட்டும், "எழுத்து உங்களுக்குத் தெரியும், சட்டம் தெரியுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியின் உறுத்தலாலேயே தாம்பரத்தில் நெடுங்காலம் தொழில் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் போனோம்.

அவர் அந்த ஒரே வாசகத்தில் விரலை வைத்தார். "இளவலுக்குக் கிடைத்தது ஆயுள் அனுபவம் மட்டுமே. விற்கும் உரிமை அவருக்கு ஏது?" என்றார். இளவல் 1984-இல் மனையை விற்றார். வாங்கியவர் 2005-இல் மற்றொருவருக்கு விற்றார். இளவலின் புத்திரர் எவரும் எந்தப் பத்திரத்திலும் கையொப்பமிடவில்லை. 30 வருஷத்துச் சான்றில் 2005-ஆம் வருஷத்துக் கிரயம் மட்டுமே தெரிந்தது. ஆகவே தரகர் பொய் சொல்லவில்லை, பாதி சொன்னார். இளவல் 2016-இல் காலமானார். இத்தகைய பின்னுரிமையாளர் வழக்கிட 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம் தரும் 12 ஆண்டுகள் ஆயுள் உரிமை முடிந்த பின்னரே தொடங்குகின்றன. ஆதலின் 2028 வரையில் அப்புத்திரர்கள் வந்து கதவைத் தட்டலாம்.

"யாம் அறியாது வாங்கினோம் என்று கோர்ட்டில் சொல்லலாகாதோ?" என வினவினேன். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் மூன்றாம் பிரிவை எடுத்துக் காட்டினார். பதிவு செய்தே தீரவேண்டிய பத்திரம் முறைப்படி பதிவாகியிருப்பின், பின்னர் அச்சொத்தை வாங்குபவர் அதனை அறிந்தவராகவே கருதப்படுவார். படிக்காவிடினும் படித்தவரே! யானோ படித்தும் அறியாதவனாயிருந்தேன்.

இவ்விடத்தில் நம்மவர் பலருக்குள்ள ஒரு மயக்கத்தைச் சொல்ல வேண்டும். சார்பதிவாளர் முத்திரையிட்டுவிட்டால் சர்க்காரே சொத்துக்கு ஜாமீன் நின்றதாக நினைக்கிறோம். அப்படியன்று. இங்கே பதிவாவது பத்திரம், உரிமையன்று. விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்ப்பது பதிவதிகாரியின் வேலையன்று என 2025-இல் நம் மாகாணத்து வழக்கொன்றிலேயே உச்ச நீதிமன்றம் கூறியது. பட்டாவும் வருவாய்க் கணக்கே. இங்கிலாந்தில் நிலவுரிமையையே பதிந்து, அதற்குச் சர்க்கார் உறுதி கூறும் முறை இருக்கிறது. அங்குங்கூட, வாங்குவோர் தமக்கென ஒரு சொலிசிட்டரையோ, அத்தொழிலுக்கு உரிமம் பெற்ற பிறரையோ அமர்த்திக்கொள்வதே வழக்கம். உறுதியில்லாத நாமோ பத்திர எழுத்தரோடு நிறுத்திக்கொள்கிறோம். பத்திர எழுத்தர் நல்லவரே. ஆயினும் புதுப் பத்திரத்தை எழுதுவது அவர் தொழில், பழையதை ஆராய்வதன்று.

"பாங்கின் வக்கீல் பார்த்தாரே" என்பர். அவர் பாங்குக்காகப் பார்த்தார். கட்டடக் கம்பெனியின் வக்கீல் கம்பெனிக்காகப் பார்ப்பார். நமக்காகப் பார்ப்பவர் நாம் கூலி கொடுத்தவரே. 60 லட்சத்துக் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடுமாக 5,40,000 ரூபாயை முணுமுணுக்காமல் கட்டுகிறோம். வக்கீலிடம் ஆயிரத்துக்கும் பேரம் பேசுகிறோம்.

அதிலும் நம் தென்புறப் பேட்டைகளில் ஆராய்ச்சி எளிதன்று. தாம்பரத்து மனையொன்று பழைய பத்திரத்தில் செங்கற்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டைத் தாலுகாவாக இருக்கும். 1997-க்குப் பின் காஞ்சிபுரம் மாவட்டம். 2019-க்குப் பின் மறுபடி செங்கற்பட்டு. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியும் ஆயிற்று. வில்லங்கச் சான்றோ கணினியிற் பெரும்பாலும் 1975 முதலே கிடைக்கும். அதற்கு முந்தையதைப் பதிவலுவலகத்தில் மனுச்செய்து தேடுவிக்க வேண்டும். தோண்டத் தோண்ட ஏரியும் வாய்க்காலும் வரும் மண் இது. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டதை மறந்தவர் யார்? காகிதத்தில் மனையாயிருப்பது கிராமக் கணக்கில் நீர்நிலைப் புறம்போக்கா என்று வழக்கறிஞர் பார்ப்பார். அதிகார முகவர் வந்து விற்றால், அதிகாரம் கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா என்றும் விசாரிப்பார். அடுக்குமாடி வீடாயின், பிரிவினையற்ற மனைப்பங்கு எவ்வளவு என்று கணக்கிடுவார். வரைபட அனுமதி, வாரிசுச் சான்று, மைனர் பங்கு எனப் பின்னும் பல உண்டு. அவற்றை விரித்தால் அக்கிராசனர் மணியடித்துவிடுவார்.

தம்பியின் காரியம் என்னாயிற்று என்று கேட்பீர்கள். புத்திரர்களை அழைத்து வந்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரும்படி விற்பவரைக் கேட்டோம், அவர் இசையவில்லை. அவரையும் முழுதும் பழிப்பதற்கில்லை. 2005-இல் அவரும் எங்களைப்போலவே நம்பி வாங்கியவர். முன்பணம் நான்கு தவணைகளில் 14 மாதத்தில் திரும்பிற்று. அதன்பின் மாடம்பாக்கத்தில் வேறொரு வீடு அமைந்தது. இம்முறை வழக்கறிஞரின் கருத்துரை கைக்கு வந்த பின்னரே தம்பி பணப்பையை அவிழ்த்தார்.

பழந்தமிழ் எண்ணும் கூட்டெழுத்துமாய் உள்ள பத்திரங்களை வாசிக்க இயலாதோர், ஞாயிறு காலையில் நம் சங்க வாசகசாலைக்குக் கொண்டுவரலாம். எழுத்தைப் பெயர்த்துத் தெளிவாக எழுதித் தருகிறேன். அதன் பொருளை மட்டும் என்னிடம் கேளாதீர்கள். அந்தப் படியை எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் செல்லுங்கள்.