ஊரில் கேளுங்கள், ஊருக்குக் கணக்குச் சொல்லுங்கள்

 

இன்று பட்டம் பெறும் தம்பி தங்கைகளே, சமூக சேவை பற்றிப் பேசச் சொல்லி உங்கள் கல்லூரி முதல்வர் அழைத்தார். சேவையின் பெருமையை நீங்கள் நிறையவே கேட்டிருப்பீர்கள். நான் பணத்தைப் பற்றிப் பேசுகிறேன். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் சின்னச் சின்ன அமைப்புகள் பல உண்டு. மாலை நேரப் படிப்பு மையம், முதியோர் இல்லம், ஏரி தூர்வாரும் இளைஞர் மன்றம் என்று. அவற்றில் சில என் கண்ணெதிரே மூடப்பட்டன. நடத்தியவர்களுக்கு மனசு இருந்தது, உழைப்பு இருந்தது. வாடகைக்கும் டீசலுக்கும் சம்பளத்துக்கும் யாரிடம், எப்படிக் கேட்பது என்பதுதான் தெரியவில்லை.

செந்துறைப் பக்கம் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பகல்நேர மையம் ஒன்றை நானும் நண்பர்களும் நடத்திவருகிறோம். பல ஆண்டுகள் எங்கள் செலவில் பெரும்பகுதி வெளிநாட்டுப் பணத்தில் நடந்தது. அந்தப் பணம் நேராக எங்களுக்கு வராது. திருச்சியில் இருந்த ஒரு பெரிய அமைப்பு அதை வாங்கி எங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020 இல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தரக் கூடாது என்று ஆனது. எங்களைப் போன்ற சிறிய அமைப்புகளுக்கு வாய்க்கால் அடைபட்டுப்போனது. கொரோனா காலம் வேறு.

பெற்றோர் கூட்டத்தில் நிலைமையைச் சொன்னோம். முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகும் ஒரு தாய் எழுந்தார். "ஊருல கேட்டீங்களா சார்?" என்றார். அதுவரை யாரும் கேட்டதில்லை. ஏழை ஊர், என்ன கொடுக்கும் என்று எல்லாரும் இருந்துவிட்டோம்.

தை பிறந்து மக்காச்சோளம் விற்றுக் காசு கைக்கு வந்திருந்த நேரம். மாரியம்மன் கோயில் வாசலில் கூடினோம். கல்யாண வீட்டில் மொய் எழுதுவதுபோல ஒரு நோட்டு, ஒரு பேனா, எழுதுவதற்கு ஒருவர். ஐம்பது, நூறு என்று விழுந்தது. பணம் இல்லாதவர்கள் மக்காச்சோளம் அளந்து கொடுத்தார்கள். ஒரு பாட்டி சுருக்குப்பையைத் திறந்து இருபது ரூபாய் எடுத்து நீட்டி, "என் பேரையும் எழுது" என்றார். எழுதி, ரசீதும் கொடுத்தோம்.

அடுத்த தையில் அதே கோயில் வாசலில் நோட்டைப் பிரித்து வரவையும் செலவையும் மைக்கில் படித்தோம். டீசல் கணக்கு வந்தபோது பெரியவர் ஒருவர் எழுந்து, "வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சு?" என்று கேட்டார். கூட்டத்தில் சிலருக்கு முகம் சுருங்கியது. டிரைவர் தம்பி ஓடிப்போய் லாக் புத்தகத்தை எடுத்துவந்தார். பெரியவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கம் பக்கமாகப் பார்த்து, வாய்க்குள்ளேயே பெருக்கி வகுத்தார். "லிட்டருக்குப் பதினொண்ணு. பழைய வண்டிக்குச் சரிதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்த ஒரு வாக்கியம் எங்களுக்குக் கொண்டுவந்த பணத்தை எந்தத் துண்டுப் பிரசுரமும் கொண்டுவந்ததில்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவர் மகன் இப்போது மாதாமாதம் அனுப்புகிறார்.

எனக்கு இந்தக் கணக்குப் பித்து பிடித்தது என் மாணவப் பருவத்தில். 1977 நவம்பர் புயலில் திருச்சி வெள்ளத்தில் மூழ்கியது. நான் அங்கே கல்லூரி விடுதியில் இருந்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு அரிசியும் துணியும் வசூலிக்கத் தெருத்தெருவாகப் போனோம். எங்கள் விடுதிக் காப்பாளர் கண்டிப்பானவர். எந்தத் தெருவில் எத்தனை படி அரிசி வந்தது, எந்த முகாமுக்கு எத்தனை படி போனது என்று எழுதி, விடுதி வாசலில் ஒட்டச் சொன்னார். பசியோடு ஜனங்கள் காத்திருக்கும்போது இது என்ன எழுத்து வேலை என்று முணுமுணுத்தோம். மறுநாள் அதே தெருக்களுக்குப் போனபோது எங்களுக்காகக் கதவுகள் திறந்தே இருந்தன.

கேட்க வெட்கப்படாதீர்கள். 1934 இல் ஹரிஜன நிதிக்காகக் காந்தி தமிழ்நாட்டைச் சுற்றிவந்தபோது, தமக்கு வாசித்துக் கொடுத்த வரவேற்பு மடல்களை அதே மேடையில் ஏலம் விட்டார். கையெழுத்து கேட்டவர்களிடம் ஐந்து ரூபாய் வாங்கினார். நமக்குப் பக்கத்தில் வடலூரில், வள்ளலார் 1867 இல் தொடங்கிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது. அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து கொடுக்கும் ஜனங்களால்தான் எரிகிறது.

அசோகா பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் ஒன்று 2020-21 இல் கணக்கெடுத்தது. இந்தியக் குடும்பங்கள் கொடுத்த நன்கொடை ஏறக்குறைய 23,700 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி சமய அமைப்புகளுக்குப் போனது. சமயம் சாராத தொண்டு அமைப்புகளுக்குச் சுமார் 5 விழுக்காடுதான். நம் ஜனங்கள் கொடுக்கத் தயங்குபவர்கள் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கோயில் திருவிழாவுக்கு வீடு தவறாமல் வந்து கேட்கிறார்கள், ரசீது தருகிறார்கள், வரவு செலவை நோட்டீஸ் அடித்து ஒட்டுகிறார்கள். படிப்பு மையம் நடத்துகிறவர் இந்த மூன்றையும் செய்கிறாரா?

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். மக்காச்சோளக்காரரிடம் விதைப்புக் காலமான ஆவணியில் போய் நிற்காதீர்கள், அவரே கடனில் இருப்பார். முந்திரி விளையும் ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் சித்திரை, வைகாசி. செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயத்தின் விலை தெரிந்து போங்கள். துபாய், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் திருவிழாவுக்கு ஊர் வரும்போது பாருங்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டில் சம்பாதித்த சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால் ஆகும். பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

சிமெண்ட் ஆலைகளைப் பற்றிக் கேட்பீர்கள். அரியலூர் மண்ணின் சுண்ணாம்புக்கல்லில்தான் அவை நிற்கின்றன. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135 ஆம் பிரிவு, நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. நாடு முழுவதும் 2022-23 இல் இப்படிச் செலவானது ஏறக்குறைய 30,000 கோடி. கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் வெறுங்கையோடு போனால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவு, மூன்று ஆண்டு வேலை செய்த அனுபவம், 2021 ஏப்ரலிலிருந்து சிஎஸ்ஆர்-1 படிவப் பதிவு, தணிக்கை செய்த கணக்கு, எல்லாம் கையில் இருக்க வேண்டும். 80ஜி வரி விலக்கைக் காட்டி நன்கொடை கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த விலக்கு கிடையாது. புதிய வரி முறையில் இருக்கும் சம்பளக்காரருக்கும் கிடையாது. ஆகவே வரியை நம்பிக் கேட்காதீர்கள், வேலையைக் காட்டிக் கேளுங்கள்.

பிலிப்பைன்ஸில் கம்பெனிகள் 1970 இலேயே, சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தாமல், லாபத்தில் ஒரு விழுக்காட்டைச் சமூகத்துக்குத் தருவதாக ஒன்றுகூடின. 1990களின் இறுதியில் அங்குள்ள தொண்டு அமைப்புகளே சேர்ந்து ஒரு சான்றளிப்புக் குழுவை அமைத்து, ஒருவர் கணக்கை ஒருவர் பார்க்கத் தொடங்கின. கோயில் வாசலில் எழுந்து நின்ற எங்கள் பெரியவர் தனி ஆளாகச் செய்ததும் அதைத்தான்.

பெரிய மனிதர்களின் கொடையை நான் குறைத்துச் சொல்லவில்லை. மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்காமல் இறந்துபோன குழுமூர் மாணவி அனிதாவின் நினைவாக 2017 இல் நடிகர் விஜய் சேதுபதி அரியலூர் மாவட்டத்தின் 774 அங்கன்வாடிகளுக்கும் தலா 5,000 ரூபாய் கொடுத்தார். நெஞ்சு நிறைந்த கொடை அது. ஆனால் அதற்கடுத்த ஆண்டு பாய் கிழிந்தால், விளையாட்டுச் சாமான் உடைந்தால், அந்தத் தெருவில் இருப்பவர்கள்தான் பார்க்க வேண்டும்.

உங்களில் வணிகவியல் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நன்கொடை வாங்கும் 80ஜி அமைப்புகள், கொடுத்தவர் விவரத்தை 10பிடி படிவத்தில் ஒவ்வோர் ஆண்டும் மே 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம், நாளுக்கு 200 ரூபாய். இதைச் செய்யத் தெரியாமல் தவிக்கும் அமைப்புகள் குன்னத்திலும் வேப்பந்தட்டையிலும் உடையார்பாளையத்திலும் இருக்கின்றன. வேலைக்குப் போங்கள், சம்பாதியுங்கள், அம்மா அப்பாவைப் பாருங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பக்கத்து ஊர் அமைப்பின் கணக்கு நோட்டோடு உட்காருங்கள். அறக்கட்டளைப் பணம் நடத்துபவரின் சொந்த வங்கிக் கணக்கில் விழுகிறதென்றால் அன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கியூஆர் அட்டை அமைப்பின் பெயரில் இருக்கட்டும்.

உதவி கேட்டிருக்கும் அமைப்புகளின் பட்டியலை முதல்வரிடம் கொடுத்திருக்கிறேன். விழா முடிந்ததும் வணிகவியல் துறை வாசலில் ஒரு நோட்டு இருக்கும். விருப்பமுள்ளவர்கள் பெயரும் ஊரும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.